ஆச்சு என்ற பிறகு எடுத்த படங்கள்

செய்தி வந்தபோது மாலை நாலு இருபது. கடையில் அவள் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தாள். எட்டுப் படம் கொண்ட தாளில் ஐந்து வெட்டியாகிவிட்டது. போனில் கடை முதலாளி சின்னவரின் மனைவி.

"பென்சிலு, அவர் போயிட்டார்மா."

"எப்பக்கா?"

"மூணரைக்கு. பல் டாக்டர்கிட்ட போயிருந்தார்ல, அங்க நாற்காலியிலேயே. நம்பர் கூப்பிட்டிருக்காங்க, எழுந்திரிக்கல. பக்கத்துல இருந்தவர், தூங்கறார் பாவம்னு சொல்லிட்டு தான் உள்ள போயிட்டு வந்திருக்கார். பல்லைப் பிடுங்கிட்டு வெளிய வந்த பிறகுதான் சந்தேகம் வந்திருக்கு."

"நான் வரேன்க்கா."

"கடையில ஆள் இருக்கா?"

"ஒருத்தர் இருக்கார்."

"அவரை அனுப்பிட்டு மெதுவா வா. ஓடி வந்து இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

மீதி மூன்றையும் வெட்டி உறையில் போட்டுக் கொடுத்தாள். வாடிக்கையாளர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணு பாதி மூடின மாதிரி இருக்கே."

"உங்க கண்ணே அப்படித்தான் சார்" என்றாள். முப்பத்தொரு வருஷமாக அதைச் சொல்லிவந்தவர் சின்னவர். அவள் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்த ஆள் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்டு போனார்.

கடை, சாவி போடும் கடைக்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும் நடுவில் இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து திறந்தது. அண்ணனைத் தெருவில் பெரியவர் என்பார்கள், தம்பியைச் சின்னவர். பெரியவர் முன்னால் கவுண்டரில் உட்கார்ந்து ரசீது எழுதுவார். ரசீதில் தேதி இல்லாமல் யாராவது கொண்டுவந்தால் கடவுளே வந்தாலும் படம் கிடைக்காது. திரைக்குப் பின்னால் சின்னவர். ஒரு முக்காலி, இரண்டு விளக்கு, சாம்பல் நிறத் துணி. அதற்கும் பின்னால் இருட்டறை. இருட்டறைக்குப் பக்கத்துச் சந்தில், அடியில் பல்பு எரியும் கண்ணாடி மேஜையில், அவள்.

அவள் வேலை டச்சிங். நெகட்டிவில் பரு, சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருமை எங்கே இருக்கிறதோ அங்கே ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டும். அச்சில் அந்த இடம் வெளுத்து, முகம் சுத்தமாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே பெரியவர் அவளைப் பென்சில் என்று கூப்பிட ஆரம்பித்தார். அதோடு சொந்தப் பேர் போயிற்று. வங்கியில் யாராவது அவள் பேரைக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

சின்னவர் படம் எடுக்கும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தது பாதி. வருபவரை முக்காலியில் உட்கார வைத்து, நாடியை ஒரு விரலால் நிமிர்த்தி, "மூச்சைப் பிடிங்க" என்பார். எடுப்பார். "ஆச்சு" என்பார். உடனே அந்த ஆள் மூச்சை விடுவார், தோள் இறங்கும், எழுந்திருக்க முட்டியில் கை ஊன்றுவார். அதற்குள் சின்னவர் பிலிமைச் சுற்றிவிட்டு இன்னொன்று எடுத்திருப்பார். சத்தம் கேட்காமல் இருக்க அதே நேரத்தில் ஒரு இருமல். அவருக்கு நெஞ்சுச் சளி என்று ஊரே நம்பியது. வாடிக்கையாளர்கள் வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவர் தைலமே வாங்கிவந்து கொடுத்தார். சின்னவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, அவரையும் இருமிக்கொண்டே எடுத்தார்.

இப்படி ஆளுக்கு இரண்டு பிரேம். முதலாவது அவள் மேஜைக்கு வரும். இரண்டாவதும் அதே பிலிம் துண்டில் ஒட்டிக்கொண்டு வரும், ஆனால் அதில் பென்சில் படக்கூடாது என்பது உத்தரவு.

சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டாள். "எதுக்கு சார் ரெண்டாவது?"

"முதல்ல எடுக்கறது ஆபீஸுக்கு. ரெண்டாவது அந்த ஆளுக்கு."

"ஆனா அந்த ஆளுக்கு நாம குடுக்கறதில்லையே."

"ஆமா" என்றார் சின்னவர். பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அந்தப் பேச்சு அதற்குமேல் நடந்ததில்லை.

அவர் ஒரே ஒருமுறைதான் வாயையும் கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அது பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். கணவன் இறந்து இருபது நாளான ஒரு பெண், உதவித்தொகை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்தாள். எடுத்து முடிந்து எழுந்திருக்கும்போது தன் காலைப் பார்த்தாள். அவசரத்தில் இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சின்னவர் இருமினார்.

தன் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பெரிதாக்கிக் கடையின் கண்ணாடி அலமாரியில் வைத்தார். மூன்று நாள் இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் கொழுந்தன் அந்தப் பக்கமாகப் போனான். அண்ணன் செத்து மாசம் ஆகவில்லை, அண்ணி கடைவீதியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று கவுண்டரில் வந்து நின்றான். முழுசாக ஒரு மணி நேரம். எல்லாவற்றையும் பெரியவர் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சின்னவர் இருட்டறையில் பிலிம் கழுவிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தால் பிலிம் போய்விடும், அதனால் வர முடியவில்லை என்று பிறகு சொன்னார். அது உண்மைதான். பெரியவர் நம்பவில்லை.

"நீ எடுக்கறது போட்டோ இல்லடா. அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கற வேலை" என்றார் பெரியவர். சாவிக் கொத்திலிருந்து கடைச் சாவியை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றி, கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். வளையம் இறுக்கமாக இருந்ததால் அதற்கு நேரம் ஆனது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதோடு சரி. பத்தொன்பது வருஷம் அண்ணனும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சின்னவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். படத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று முதல் ஒரு வைராக்கியம்: இனிமேல் கேட்காமல் யாரையும் யாருக்கும் காட்டுவதில்லை. எடுப்பதை நிறுத்தவில்லை. பெட்டிகளில் போட்டு வைத்தார். பதினேழு பெட்டி சேர்ந்தது. டிஜிட்டல் வந்த பிறகு, எல்லோரும் ஆச்சு என்றதும் திரையைப் பார்க்க ஓடிவந்தார்கள். பதினெட்டாவது பெட்டி தேவைப்படவில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு அச்சகக்காரர் விசாவுக்குப் படம் எடுக்க வந்தார். இவரை இருபது வருஷத்துக்கு முன்னாலும் எடுத்திருக்கிறோமே என்று சின்னவர் பெட்டியில் தேடி, இரண்டாவது பிரேமைக் காட்டினார். அச்சகக்காரர் அதில் உதட்டைச் சுழித்துக்கொண்டு விளக்கை முறைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா மாதிரியே இருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்த மாதிரி எத்தனை இருக்கு?" என்றார்.

புத்தகம் அப்படித்தான் முளைத்தது. அச்சகக்காரர் தன் செலவில் போடுவதாகச் சொன்னார். சின்னவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கான தாளை அவரே எழுதினார்: 'இந்தப் படம் நான் அறியாமல் எடுக்கப்பட்டது. இதைப் புத்தகத்தில் சேர்க்க எனக்குச் சம்மதம்.' வக்கீலிடம் காட்டலாமே என்று அச்சகக்காரர் சொன்னார். வக்கீல் முதல் வாக்கியத்தை எடுத்துவிடுவார், அதனால் வேண்டாம் என்றுவிட்டார்.

நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் சின்னவரும் அவளும் பழைய ரசீதுகளில் இருந்த முகவரிகளைத் தேடிப் போனார்கள். கோப்பு அவள் கையில். முதல் கையெழுத்து இரண்டு செருப்புக்காரியுடையது. அவளுக்கு இப்போது பேத்தி இருந்தாள். "போடுங்க. இனிமே யார் வந்து கேக்கப் போறாங்க?" என்று சொல்லிவிட்டு, கொழுந்தனுக்கும் ஒரு புத்தகம் அனுப்ப முடியுமா என்று விசாரித்தாள். ஒருவர், "இது நானே இல்ல" என்று சாதித்தார். உள்ளே இருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, "சந்தேகமே வேண்டாம், இவர்தான். தினமும் இந்த மூஞ்சியைத்தான் பாக்கறேன்" என்றார். பேங்க் மேனேஜராக இருந்த ஒருவர், தலையில் கொஞ்சம் முடி வரைந்துவிட்டால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அவளுக்கு அது அரை மணி நேர வேலை. சின்னவர் கோப்பை மூடச் சொல்லிவிட்டார். இருபத்து மூன்று பேர் மாட்டேன் என்றார்கள். அவர்கள் படத்தை அங்கேயே அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

கடைசியில் நூற்று அறுபத்து நாலு படம் நின்றது. நூற்று அறுபத்து மூன்று கையெழுத்து வந்தது. மிச்சம் இருந்தது புத்தகத்தின் கடைசிப் பக்கம்: பெரியவர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸுக்கு எடுத்தது.

"இந்த வாரம் அண்ணா வீட்டுக்குப் போலாமா சார்?" என்பாள்.

"அடுத்த வாரம்."

ஏழு மாசம் அடுத்த வாரமாகவே ஓடியது. பிறகு பல் வலி வந்தது.

சின்னவரின் உடலை எடுத்துப்போன அன்று பெரியவர் வந்தார். வாசலில் செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் இருந்திருப்பார். அவள் தண்ணீர் கொண்டுபோவதற்குள் கிளம்பிவிட்டார்.

மறு வாரம் அச்சகக்காரர் போன் செய்தார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் அச்சுக்கு ஏற்றிவிடலாம், அதற்குப் பிறகு பாடப்புத்தக வேலை, நாலைந்து மாசம் மெஷினைத் தொட முடியாது, அப்புறம் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். குரலில் சங்கடம் இருந்தது. ஒரு கையெழுத்துதானே, அண்ணன்தானே, வழக்கா போடப்போகிறார் என்றும் கேட்டார்.

அவள் அதை அப்படியே சின்னவரின் மனைவியிடம் போய்ச் சொன்னாள்.

"கையெழுத்து இல்லாம வேண்டாம்" என்றார் அவர்.

"அப்ப அந்த ஒரு படத்தை எடுத்துட்டுப் போடலாமாக்கா?"

"அது இல்லாமலும் வேண்டாம். அவர் அதைத்தான் கடைசியா வச்சார். மாத்தி மாத்தி அடுக்கினார், அதை மட்டும் நகத்தல."

"அப்ப நீங்க ஒரு தடவை போய்..."

"நான் போனா அழுவேன். அவரும் அழுவார். ரெண்டு பேரும் அழுது முடிக்கறதுக்குள்ள வெள்ளிக்கிழமை ஆயிடும். நீ போ. உன்னைத்தான் அவருக்குப் பிடிக்கும்."

"எனக்குத் தெரியாதே."

"அவருக்கும் தெரியாது."

புதன்கிழமை காலை கோப்பு, புத்தகத்தின் மாதிரிப் பிரதி, பெரியவரின் நெகட்டிவ் உறை மூன்றையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். கையெழுத்து வராவிட்டால் பதினேழு பெட்டியும் மறுபடி அலமாரிக்குப் போகும், சாவி தன்னிடம் இருக்கும், அவ்வளவுதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதில் பிரயோஜனம் இல்லை.

பெரியவர் மகள் வீட்டு மாடியில் இருந்தார். மேஜையில் மின்சாரக் கட்டண ரசீதுகள் வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தன. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வா பென்சில். தலை நரைச்சுப் போச்சே. அதுக்கெல்லாம் பென்சில் போட மாட்டியா?"

"என் தலைக்குக் கையெழுத்து யார் போடறதுண்ணா?"

அவர் சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியைக் காலால் தள்ளி விட்டார். அவள் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னாள். தாளை எடுத்து வைத்தாள். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டே வரி. ஐந்து நிமிஷம் படித்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாது."

"ஏண்ணா?"

"'நான் அறியாமல்'னு போட்டிருக்கு. நான் அறிவேன். தினமும் திரைக்கு இந்தப் பக்கம் உக்காந்து அவன் இருமறதைக் கேட்டவன் நான். எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவன் ஆச்சுன்னதும், வரட்டும் பாக்கலாம்னு பல்லைக் கடிச்சுட்டு நேரா கேமராவையே முறைச்சேன். இருமினான். எடுத்துக்கோடான்னு முறைச்சேன். இது பொய்த் தாள்."

"வேணும்னா அந்த வரியை அடிச்சுடலாம்ணா."

"அடிச்சா அப்புறம் இந்தப் படத்துக்கு அந்தப் புத்தகத்துல என்ன வேலை? தெரியாம எடுத்த படம்னு தானே எல்லாத்தையும் சேத்திருக்கான். தெரிஞ்சே முறைச்சவன் நடுவுல எப்படி வருவான்? அவன் புத்தகத்துல நான் பொய் சொல்ல மாட்டேன். ரசீதுன்னா ரசீது மாதிரி இருக்கணும்."

வாதத்தில் ஓட்டை இல்லை. சின்னவர் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் எரிச்சல் வந்தது. முப்பத்தொரு வருஷம் அண்ணனிடமும் தம்பியிடமும் காட்டாத எரிச்சல்.

"படத்தையாவது பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"என் மூஞ்சிதானே. நாளைக்குப் பாத்துக்கறேன்."

அவளே மாதிரிப் பிரதியைத் திறந்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள்.

பெரியவர் குனிந்தார். படத்தில் முப்பத்தைந்து வயசுக்காரர் ஒருவர் முக்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். ஒரு கை முட்டியில். சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. முறைக்கவில்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்து, எப்படி உன்னைக் கவிழ்த்தேன் பார் என்பதுபோல், வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது முறைக்கலையே" என்றார் பெரியவர்.

"இல்லண்ணா."

"நான் முறைச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

அவளுக்கும் புரியவில்லை. பையிலிருந்து உறையை எடுத்து, நெகட்டிவ் துண்டை விரல் நுனியில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். எல்லோருடைய துண்டிலும் இரண்டு பிரேம் இருக்கும். இதில் மூன்று இருந்தது. முதலாவது, மூச்சைப் பிடித்த முகம். இரண்டாவது, பல்லைக் கடித்து முறைக்கும் முகம். மூன்றாவது, மேஜைமேல் திறந்து கிடந்த படம்.

அவள் துண்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் எண்ணினார். ரசீது சரிபார்ப்பவர் போல மறுபடி எண்ணினார்.

"ரெண்டு தடவை இருமினான்" என்றார். "ஆமா. ரெண்டாவது தடவை இருமினப்ப, நிஜமாவே சளி பிடிச்சிருக்கு போலன்னு நினைச்சேன். சாயங்காலம் கஷாயம் வேற வச்சுக் குடுக்கச் சொன்னேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சான். ஒரு சொட்டு விடாம குடிச்சான், படவா."

பெரியவர் மாதிரிப் பிரதியை முதல் பக்கத்துக்குத் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். சிலரை அவருக்கு அடையாளம் தெரிந்தது. "இவன் ரசீதைத் தொலைச்சுட்டு வந்து சண்டை போட்டவன்" என்றார் ஓரிடத்தில். இரண்டு செருப்புக்காரியின் பக்கத்தில் மற்றவற்றைவிட அதிகம் நின்றார்.

"இவங்க போட்டுட்டாங்களா கையெழுத்து?"

"முதல் கையெழுத்தே அவங்கதாண்ணா."

"ம்."

நூற்று அறுபத்து மூன்றையும் பார்த்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. மகள் இரண்டு தடவை மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் அவர் படத்தைப் பார்க்கவில்லை. தாளை இழுத்து, முதல் வாக்கியத்தை இன்னொருமுறை முணுமுணுப்பாகப் படித்தார். பேனா மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதினார். தேதிக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

"அன்னிக்கு நான் உள்ள வரல" என்றார் பேனாவை மூடிக்கொண்டே. "வாசல்ல நின்னேன். அவன் மூஞ்சி என்னைப் பாக்கற மாதிரி இல்லாம இருந்தா என்ன பண்றதுன்னு இருந்துச்சு."

அவள் தாளைக் கோப்பில் வைத்துக் கட்டினாள்.

படியிறங்கும்போது மேலேயிருந்து கூப்பிட்டார்.

"பென்சில், அந்தத் துண்டுல முதல் படம் இருக்குல்ல, அதுல எட்டு காபி வேணும். நெத்தியில கோடு இருக்கு. எடுத்துட்டுப் போடு."

"அப்பவே எடுத்திருப்பேனேண்ணா."

"என் படத்துல கை வைக்கக்கூடாதுன்னு அப்ப உன்னைத் திட்டினேன். லைசென்ஸுல நான் நானா இருக்கணும்னு. இப்ப எடு."

"எந்த ஆபீஸ்லயும் செல்லாது. ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும்."

"செல்லாட்டி போகட்டும். உன்னை யார் கேட்டா?"

வியாழக்கிழமை காலையில் கோப்பு அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புத்தகம் ஏழு வாரத்தில் வந்தது. நூற்று அறுபத்து நாலு படம், ஒன்றிலும் பென்சில் படவில்லை. சின்னவரின் மனைவி முதல் பிரதியை நடுவில் திறந்து மோந்து பார்த்துவிட்டு, மை வாசனை அடிக்கிறது என்று ஜன்னலோரம் வைத்தார். இரண்டு செருப்புக்காரியின் கொழுந்தனுக்கு ஒரு பிரதி தபாலில் போயிற்று. பெரியவரின் பிரதியை அச்சகக்காரரே கொண்டுபோய்க் கொடுத்தார். பக்க எண் இரண்டு இடத்தில் கோணலாக இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பெரியவரின் முதல் பிரேம் அவள் கண்ணாடி மேஜையில் இருக்கிறது. நெற்றியில் மூன்று கோடு. மேலே இருந்த இரண்டையும் எடுத்தாகிவிட்டது. புருவத்துக்கு மேல் இருப்பது இன்னும் அப்படியே இருக்கிறது.